ஒன்பது பேரும் ஐம்பத்திரண்டு குடும்பங்களும்

வணிகர் சங்கத் தலைவராகப் பொறுப்பேற்ற அன்று சிவதாணு மேடையில் நாற்பது நிமிடம் பேசினார். மாநிலப் பொருளாதாரத்தின் முதுகெலும்பே சில்லறை வணிகம்தான் என்றார். தக்கலையில் தம்முடைய ஜவுளிக்கடை மட்டும் ஐம்பத்திரண்டு குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்றார். பத்திரிகையில் வந்ததைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார்.

கடையின் ஊழியர் பதிவேட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். மீதி நாற்பத்துமூன்று பேருக்குச் சம்பளம் உண்டு, பெயர் கிடையாது. பெயர் இருந்தால் முதலாளி பி.எஃப். கட்ட வேண்டும். சேலைப் பிரிவில் ஆறு வருடமாக நிற்கும் சபிதா ஒவ்வொரு ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பாள். பார்ப்போம் என்பார் சிவதாணு.

அதிகாரி மாதிரி யாராவது வந்தால் வாசல் காவலர் முத்துக்கனி மணியை இரண்டு தடவை அடிப்பார். நாற்பத்துமூன்று பேரும் நீல ஓவர்கோட்டைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு வாடிக்கையாளர் ஆகிவிடுவார்கள். ஒன்பது பேர் துணி எடுத்துப் போடுவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. வந்த ததேயுஸ் பி.எஃப். அதிகாரி இல்லை. சில்லறை விற்பனையும் வேலைவாய்ப்பும் எப்படிப் போகின்றன என்று கடைகடையாக ஏறிக் கணக்கெடுப்பவர். கையில் டேப்லெட். ஊழியர் எத்தனை என்று கேட்டார். சிவதாணு மெல்ல நகர்ந்து அந்தச் சட்டத்தை முதுகால் மறைத்துக்கொண்டு ஒன்பது என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் இவ்வளவு கூட்டமா என்று அசந்துபோன ததேயுஸ், வாடிக்கையாளர் ஒருவரையும் விசாரிக்க வேண்டுமென்று சபிதாவிடம் வந்தார். எத்தனை நாளுக்கொருமுறை இங்கே வருவீர்கள் என்று கேட்டார்.

சபிதா முதலாளியை ஒருமுறை பார்த்தாள்.

“தெனமும் வருவேன் சாரே. காலம்பற ஒம்பதரைக்கு வந்தா ராத்திரி எட்டரைக்குத்தான் போவேன். ஆறு வருசமா. எம்பேரையும் வேலைக்காரங்க கூட்டத்துல எழுதணும்.”

ததேயுஸுக்குப் புரிந்தது. ஆனால் டேப்லெட்டில் ஊழியர் பக்கத்தை முடித்தாகிவிட்டது. பின்னால் போனால் அத்தனையும் அழிந்துவிடும். அடுத்து போக வேண்டிய கருங்கல் ஊரில் இன்னும் நாலு கடை பாக்கி. அவளை ‘நிரந்தர வாடிக்கையாளர்’ என்று பதிந்துகொண்டார். மூன்று மாதத்துக்கொருமுறை இதே கடையில் இவளையே சந்திக்க வேண்டும், காணவில்லை என்றால் காரணம் எழுத வேண்டும், அதுதான் விதி என்று சிவதாணுவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

“நாளையிலேருந்து நீ வேலைக்கு வராண்டாம், கேட்டியா” என்றார் சிவதாணு.

மறுநாள் ஒன்பதரைக்குச் சபிதா வந்தாள். ஓவர்கோட் இல்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நேற்றுவரை சேலைப் பிரிவில் கூட நின்ற அபிதாவைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி அபிதா, மேல்தட்டுல உள்ளத எடுத்துப் போடு. அது வேண்டாம், அதுக்கு அடியில உள்ளது.”

நிரந்தர வாடிக்கையாளரை விரட்ட முடியாது. சாயங்காலத்துக்குள் நூற்றெழுபது சேலைகள் பிரிந்து கிடந்தன. ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு எட்டரைக்குப் போனாள். மூன்றாம் நாள், இன்னும் நாலைந்து ஊழியர்கள் வாடிக்கையாளராகிவிட யோசிக்கிறார்கள் என்று முத்துக்கனி வந்து காதில் சொன்னார். சிவதாணு பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, பத்தாவது பெயரை எழுதினார். சபிதா அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கப் போனாள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில், எங்கும் வேலைவாய்ப்பு மந்தமாக இருக்கும் காலத்தில் தம் நிறுவனம் மட்டும் ஒரே காலாண்டில் ஊழியர் எண்ணிக்கையில் பதினோரு சதவீதம் வளர்ச்சி கண்டிருக்கிறது என்று சிவதாணு அறிவித்தார். அதையும் சட்டம் போட்டு, ஐம்பத்திரண்டு குடும்பங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்.