பதிமூன்று கிலோ ஆவி

சித்தூருக்கு வெளியே இருந்த அந்த மாங்கூழ் ஆலையில் அன்று என்ஜினியர் காஞ்சனாவின் கணக்குக்குப் பரீட்சை. கூழைக் காய்ச்சிவிட்டுக் குழாயில் அழுத்தத்தோடு திரும்பும் தண்ணீர் நூற்றெழுபது டிகிரியிலும் கொதிக்க வழியில்லாமல் அடங்கிக் கிடக்கும். பெரிய தொட்டிக்குள் திறந்துவிட்டால் அழுத்தம் விட்டு, ஒரு பங்கு படக்கென்று ஆவியாகும்; அதை மறுபடி காய்ச்சப் பிடித்துக்கொண்டால் எரிபொருள் மிச்சம். நூறு கிலோவுக்குப் பதிமூன்று கிலோ என்றது அவளுடைய கம்ப்யூட்டர் மாடல். அதை நம்பித்தான் மேனேஜர் புருஷோத்தமன் தொட்டியை வாங்கினார்.

வந்தது ஏழு.

"சாயங்காலத்துக்குள்ள சரியா வரலன்னா தொட்டியக் கழட்டி பழைய இரும்புக்குப் போட்டுடும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்டியில் மூட்டை தூக்கியவர் மகள் அவள். உட்கார்ந்து அழுது பழக்கமில்லை. மாடலை மறுபடி ஓட்டினாள். அதே பதிமூன்று.

பாய்லர்காரர் கோவர்த்தனன் எட்டிப் பார்த்தார். "அதையே மொறைச்சிக்கினு இருந்தா வயிறு ரொம்புமா? போய் சோறு துன்னுட்டு வாம்மா."

ஷெட்டுக்குப் பின்னால் போய், வழக்கம்போல் குழாய்மேலிருந்த தன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். முகத்தில் ஆவி அடித்தது. கை நின்றுவிட்டது.

சுவர் நீளத்துக்கும், சூடு போகாமல் குழாயைச் சுற்றியிருந்த கம்பளியை உரித்திருந்தார்கள். வரிசையாக டப்பாக்கள். மிச்ச இடத்தில் மழையில் நனைந்த சாக்குகள் ஆவி பறக்கக் காய்ந்தன. தண்ணீர் தொட்டிக்குப் போகுமுன்பே சூட்டைப் பாதி பறிகொடுத்துக்கொண்டிருந்தது. மாடலிலோ குழாய் முழுக்கக் கம்பளி. ஒரு வருஷமாக இங்கே சுடுசோறு தின்றவள்தான் அப்படி எழுதியிருந்தாள்!

"இத யாருக்கா உரிச்சது?"

காய் அறுக்கும் சந்திரம்மா சிரித்தாள். "நீ வர்றதுக்கு மின்னயே உரிச்சாச்சு. சில்லுன்னு துன்னா கை ஓடுமா?"

"எல்லாத்தையும் எடுங்கக்கா. தொட்டி தப்பிச்சிச்சின்னா அந்த ஆவியிலயே டப்பா வெக்கப் பெட்டி செஞ்சி தரேன்."

"மேனேஜரு ஒத்துப்பாரா?"

"கடைசி டப்பா யாருதுன்னு பாருங்க."

சந்திரம்மா பார்த்தாள். சிரிப்பில் புரையேறியது.

சாக்குகள் பறந்தன. கோவர்த்தனன் ஸ்டோரிலிருந்து கம்பளி கொண்டுவந்தார். பெண்கள் கையுறை மாட்டிப் பிடிக்க, கட்டுக்கம்பியால் இறுக்கினார்.

சாயங்காலம் பன்னிரண்டு வந்தது.

"பதிமூணுன்னியே?" என்றார் புருஷோத்தமன்.

"ஒரு முழம் மட்டும் மூடல சார். உங்க டப்பா இன்னும் அங்கதான் இருக்கு. ஆவியில டப்பா வெக்கப் பெட்டி செஞ்சதும் அதையும் மூடிடலாம்."

ஒரு முழத்தில் ஒரு கிலோ போகாது என்பது இருவருக்கும் தெரியும். அவர் தொட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"இது இங்கயே இருக்கட்டும். பெட்டி எப்ப செய்யப்போற?"