ஐந்தாவது நகம்

அரண்மனைக்குப் போகும் எழுத்து மைக்கட்டிகளைப் பெட்டியில் அடுக்கி முத்திரை வைத்தாகிவிட்டது. டிராகன் செதுக்கிய அச்சும் முத்திரைக்குள் போய்விட்டது. மிஞ்சிய கட்டிகளைத் தூளாக்கிவிட வேண்டும் என்பது சீனத்து ஹுய்சோவில் எல்லாப் பட்டறைக்கும் தெரிந்த சட்டம். ஐந்து நக டிராகன் பேரரசருக்கு மட்டுமே சொந்தம். வேறு யாரிடமாவது இருந்தால் தலை போய்விடும்.

தெரிந்தேதான் அச்சைச் செதுக்கிய தெமாவ் ஒரு கட்டியை ஒளித்திருந்தான். உலர்த்தும் சாம்பல் தட்டைக் கிளறியபோது அது அவன் மனைவி லான்சியுவின் விரலில் தட்டியது. சோதனைக்கு வந்த அரண்மனை அதிகாரியின் ஆட்களோ தட்டுத் தட்டாகக் குத்திப் பார்த்தபடி பக்கத்து அறைவரை வந்துவிட்டார்கள்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"ரெண்டு வருஷம் செதுக்கினேன்டி. ஒண்ணே ஒண்ணு என்கிட்ட இருக்கக்கூடாதா?"

ஆசைக்கும் ஓர் அளவு வேண்டாமா? இடித்தால் சத்தம் கேட்கும். காய்ந்த மையோ லேசில் கரையாது. நான்கு நகமென்றால் சீமான்கள் வாங்குவது, சட்டம் கேட்காது. லான்சியு கத்தியை எடுத்தாள். டிராகனின் ஒரு பாதம்தான் மேகத்துக்கு வெளியே தெரிந்தது. அதன் ஓர நகத்தைச் சுரண்டினாள். தடுக்க வந்த தெமாவ் பாதியில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வடுவை மேகத்தோடு இழைத்து அவள் பொன் பூசினாள்.

பூச்சு காய்வதற்குள் அதிகாரி உள்ளே வந்தார். கட்டியை ஓரமாகப் பிடித்துத் தூக்கி நகங்களை எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார்.

"வாத்துக்கால் மாதிரி இருக்கே. அரண்மனை அச்சைச் செதுக்கின அதே கையா இது?"

ஆமென்றால் அச்சுப் பெட்டியைத் திறந்து ஒப்பிடுவார்; சுரண்டியது தெரிந்துவிடும். தன் வேலையை யார் குறை சொன்னாலும் மல்லுக்கு நிற்கும் ஆள் தெமாவ். அவன் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்து லான்சியு செத்துப் பிழைத்தாள்.

"இல்லீங்கய்யா," என்றான் கடைசியில். "என்னுதைப் பார்த்து எவனோ கத்துக்குட்டி செஞ்சது. எனக்கே பார்க்கச் சகிக்கல."

அதிகாரி சிரித்துக்கொண்டே கட்டியைத் தட்டில் போட்டுவிட்டு வெளியேறினார். குதிரைச் சத்தம் ஓய்ந்த பிறகே லான்சியுவுக்கு மூச்சு வந்தது. சந்தோஷத்தில் அழுகையும் வந்தது. கட்டியைத் துடைத்து அவனிடம் நீட்டினாள்.

"இனி பயமில்லீங்க. உங்களுதுதான், வச்சுக்குங்க."

அவன் கையை நீட்டவில்லை.

"எவனோ செஞ்சது எனக்கு எதுக்கு?"