அரைப் பாலம், ரெண்டு ஓட்டு

1982 டிசம்பரில் வாஷிங்டனில் ஒரு மனசாட்சியின் விலை பதினாலு மில்லியன் டாலர். மனசாட்சிக்குச் சொந்தக்காரர் மக்களவை உறுப்பினர் ஆரின் ட்வீட். பெட்ரோல் மீது கேலனுக்கு ஐந்து சென்ட் வரி கூட்டும் நெடுஞ்சாலை மசோதாவை எதிர்ப்பதாகத் தொகுதியில் சத்தியம் செய்திருந்தார். ஆனால் தொகுதிப் பாலம் இற்றுப்போய் மூடிக் கிடந்தது. பள்ளிப் பேருந்து இருபத்தாறு மைல் சுற்றியது. பாலத்துக்குப் பணம் ஒதுக்கினால் ஓட்டுப் போடுகிறேன் என்று இறங்கிவந்து, உதவியாளர் ஆர்லனை மசோதாவைத் தயாரிக்கும் குழுவின் அலுவலகத்துக்கு அனுப்பினார்.

யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை அங்கே வைத்திருந்த லொரெய்ன் அம்மாள் பதினாலை அடித்து ஏழு என்று எழுதினாள்.

"மேடம், பாலமே பதினாலுதான்."

"எல்லாரும் ரெட்டிப்பாத்தான் கேப்பாங்க தம்பி. பாதியா வெட்டுறது என் வேலை."

"எங்க ஆளு உள்ளதைத்தான் சொல்வாரு."

"அது எனக்கு எப்படித் தெரியும்? இதுவரைக்கும் யாரும் அப்படிச் செஞ்சதில்ல."

"அரைப் பாலத்துல பஸ் எதுவரைக்கும் போகும்?"

"நடு ஆறு வரைக்கும். ஒரு ஓட்டுக்கு ஏழுக்கு மேல தரமாட்டேன். பட்டியல் அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது."

ஒரு ஓட்டுக்கு ஏழு என்றால், இன்னொரு ஓட்டு வேண்டும். ஆற்றின் அக்கரை மோர்ட் கில்கிரிஸ்டின் தொகுதி. எதிர்க்கட்சிக்காரர். இருபது வருஷப் பழம்பெருச்சாளி. ஆர்லன் மூச்சிரைக்க அவர் அறைக்கு ஓடினான்.

"நீங்களும் ஓட்டுப் போட்டா மிச்சப் பாதி கிடைக்கும் சார். ஏழு வேணும், பதினாலு கேளுங்க."

கில்கிரிஸ்ட் சுருட்டை மறுபக்கம் மாற்றினார். "எனக்கா பாடம் எடுக்குற? சரி, பாலத்துக்கு என் பேரு."

"ட்வீட் சாருக்கு வருத்தமா இருக்கும்."

"நாலே முக்காலாச்சு. வருத்தப்பட நேரமிருக்கா அவருக்கு?"

ட்வீடிடம் ஆர்லன் தொலைபேசியில் கேட்டான்.  "பேரு போனா போகுது, பஸ் போகட்டும்பா" என்றார் ட்வீட்.

லொரெய்ன் அம்மாள் கில்கிரிஸ்டின் பதினாலையும் கண்சிமிட்டாமல் பாதியாக வெட்டினாள். ஒரு பாலத்துக்கு ரெண்டு ஓட்டு. அவளுக்கு அன்று நல்ல வியாபாரம்.

மசோதா நிறைவேறிய சாயங்காலம், ட்வீடுக்காக ஆர்லன் ஒரு தாளில் குறித்தான். வரவு: பாலம், முழுசாக ஒன்று. செலவு: சத்தியம் ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று. நிலுவை: தொகுதியில் பெட்ரோல் போடுகிற ஒவ்வொருவருக்கும், கேலனுக்கு ஐந்து சென்ட் வீதம், பதில்.