இந்த இடம் ஏன் காலியாகிறது?

ஃபோன் செய்தவன் மரியாதையாகத்தான் பேசினான். லொரேனுக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"லொரேன் நோவாக்தானே பேசறது? சிகாகோவிலேர்ந்து கூப்பிடறேன், பெரிய பதவிகளுக்கு ஆள் தேடித் தர்ற ஆபீஸ். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

நோவாக் அவளுடைய பழைய பெயர். ஐம்பது வயதில் ஜெர்ரி ஷிமான்ஸ்கியைக் கட்டிக்கொண்ட பிறகு அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. ஏதோ பழங்காலத்து முகவரிப் புத்தகத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறான் என்று நினைத்து, "சொல்லுங்க" என்றாள்.

"மில்வாக்கில ஒரு கம்பெனிக்குத் தலைமை நிர்வாகி வேணும். ஆலைங்களுக்கு ஆள் அனுப்பற கம்பெனி. கம்பெனி பேரைச் சொல்லக் கூடாது, இப்ப அங்க இருக்கறவங்க பேரை எனக்கே சொல்லலை, அவ்வளவு ரகசியம். நீங்க இந்தத் தொழில்ல ஊறினவங்க. யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, இல்ல உங்களுக்கே விருப்பம்னாலும் சரி."

லொரேன் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். "எத்தனை கிளை?"

"ஏழு."

"குடும்பக் கம்பெனியா?"

"ஆமா. அப்பா ஆரம்பிச்சது. இப்ப பையன் பார்த்துக்கறாரு. சாஸேஜ் பண்ற ஒரு இறைச்சி ஆலைதான் பெரிய வாடிக்கையாம். இப்போதைக்கு உறவு அறுந்து கிடக்கு. புதுசா வர்றவங்க முதல்ல அதைத்தான் ஒட்டவைக்கணுமாம்."

அந்தக் கம்பெனியின் அந்த நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆள் பிடிக்கிற தொழிலில்தான் இப்படி ஒரு கூத்து நடக்கும். யாரைத் துரத்த வேண்டுமோ அவளிடமே போய், அவள் இடத்துக்கு ஆள் கேட்பார்கள்.

"எனக்கே விருப்பம்தான்" என்றாள் லொரேன். "எங்க வரணும், எப்ப வரணும்னு சொல்லுங்க."

கெல்னர் கம்பெனிக்கு அவள் வந்தது தினக்கூலி டைப்பிஸ்ட்டாக. இன்றைக்கு ஒரு ஆபீஸ், நாளைக்கு ஒரு ஆபீஸ் என்று அனுப்பப்பட்டவள். பெரியவர் வால்ட்டர் கெல்னர் அவளைப் பிடித்து ஃபோனில் உட்கார வைத்தார். அங்கிருந்து கிளை, கிளையிலிருந்து தலைமை. பனி கொட்டுகிற விடிகாலையில் வேன் ஓட்டுநர் வராவிட்டால் தானே வேனை எடுத்துக்கொண்டு போய் ஆலை வாசலில் ஆட்களை இறக்கிவிட்டிருக்கிறாள். பெரியவரின் மகன் ப்ரெட், பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் மேஜைக்கடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான். அவன்தான் இப்போது கம்பெனியின் சேர்மன்.

உறவு அறுந்த கதை அவளுக்குத் தெரியாதா என்ன? அறுத்தவளே அவள்தான். இலையுதிர் காலத்தில், அவள் அனுப்பிய எலேனா என்ற பெண்ணுக்கு அந்த ஆலையின் அரவை இயந்திரத்தில் இரண்டு விரல் போயிற்று. வேலை வேகமாக நடக்கட்டும் என்று இயந்திரத்தின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். லொரேன் நேரே ஆலைக்குள் போனாள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தன் ஆட்கள் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கே அரசாங்கத்துக்கும் புகார் கொடுத்திருப்பாள். ப்ரெட்தான் ஓடி வந்து கையைப் பிடித்தான். "கொஞ்சம் பொறுங்க லொரேன், ஆலைக்காரர்கிட்ட நான் பேசறேன், மூடியைத் திரும்பப் போட வைக்கறேன்" என்றான். பெரியவர் முகத்துக்காகப் பொறுத்தாள். அவன் என்ன பேசினான் என்பது இப்போதுதான் விளங்கியது. மூடியைப் பற்றியல்ல, அவளை மாற்றுவதைப் பற்றித்தான்.

ரகசியத் தேர்வு எப்படி நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அதை நடத்திக் கொடுத்தவளே அவள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். முதலாளிக்கு முன்கூட்டிப் பெயர் சொல்ல மாட்டார்கள், வருகிறவர் மூன்றாமவர் நான்காமவர் என்றுதான் சொல்வார்கள். ஒருவர் லிஃப்டில் இறங்கிய பிறகு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாது. லொரேன் கொஞ்சம் முன்னதாகவே போய், பின்படி வழியாக ஏறினாள்.

மாடி நடையில் எதிரே வந்தவள் ரொலாண்டா பிக்கெட். லொரேனின் துணை நிர்வாகி. ஒரு காப்பிக் கடையில் வாடிக்கையாளரை அவள் சமாளித்த அழகைப் பார்த்து, கையோடு கூட்டிவந்து, தொழிலைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து வளர்த்தது லொரேன்தான்.

"லொரேன்! நீங்க எப்படி... எழுந்து நடக்கக் கூடாதுன்னு..."

"யாரு எழுந்து நடக்கக் கூடாது?"

ரொலாண்டா லிஃப்டைப் பார்த்து விறுவிறுவென்று போய்விட்டாள். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு, ஃபோன் செய்த சிகாகோக்காரர் எட்டிப் பார்த்தார். "மிஸ் நோவாக்? வாங்க வாங்க."

உள்ளே ப்ரெட் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் புரையேறி, சட்டையெல்லாம் தண்ணீர்.

"மெதுவா குடி" என்று லொரேன் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ம், ஆரம்பி. என் அனுபவத்தைக் கேளு."

"லொரேன், இது நீங்க நினைக்கிற மாதிரி இல்ல..."

"உனக்குக் கேட்க வரலைன்னா நான் கேட்கறேன். வேலைக்கு வர்றவங்க எல்லாரும் கேட்கிற கேள்விதான். இந்த இடம் ஏன் காலியாகுது? இருந்த அம்மா ஏன் போறாங்க?"

சிகாகோக்காரருக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. வழக்கமான சிரிப்போடு, "அவங்க குடும்பத்தோட நேரம் செலவழிக்கணும்னு விரும்பறாங்க" என்றார்.

லொரேனுக்குக் காதெல்லாம் சூடேறியது. அந்த வாக்கியம் அவளுடையது. எத்தனையோ முதலாளிகளுக்கு அவளே எழுதிக் கொடுத்தது. ஜெர்ரி போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது.

"எந்தக் குடும்பம்டா ப்ரெட்? கல்லறையில இருக்கிற குடும்பமா? அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்ன? நான் சாகக் கிடக்கறேன்னா?"

ப்ரெட் ஈரச் சட்டையைத் துடைத்தான். "உடம்பு முடியலை, நீங்களே விலகறேன்னு சொன்னதா... கௌரவமா அனுப்பணும்னுதான்."

"உண்மையைச் சொல்லத் துப்பு இல்ல, இதுல கௌரவம் வேற! மூடி இல்லாத இயந்திரத்துக்கு ஆள் அனுப்ப மாட்டேன்னீங்க, அதனால துரத்தறேன்னு சொல்லேன்டா! மூடியைப் போடவைக்கறேன்னு என் கையைப் பிடிச்சியே, போட்டாங்களா?"

ப்ரெட்டுக்கும் கோபம் வந்துவிட்டது. "போட்டா பாதி வேகம்தான் வரும்கறாரு! ஒரு விபத்து லொரேன், ஒரே ஒரு விபத்து! அதுக்காக எங்கப்பா கட்டின கம்பெனியை நீங்க மூழ்கடிப்பீங்களா? ரொலாண்டா ஒத்துக்கிட்டாச்சு. திங்கட்கிழமை போர்டு கூடுது. அவ்வளவுதான்."

"உங்கப்பா இருந்திருந்தா உன்னை அந்த இயந்திரத்துக்கு முன்னாடி நிறுத்தியிருப்பாரு" என்று சொல்லிவிட்டு லொரேன் எழுந்தாள். அவள் தள்ளிய வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. ரொலாண்டா காரைக் கிளப்பாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். லொரேன் கண்ணாடியைத் தட்டியதும் இறக்கினாள்.

"இந்த இடம் ஏன் காலியாகுதுன்னு கேட்டியா?"

"கேட்டேன். உங்களுக்கு உடம்பு முடியலைன்னாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க அழுதேன்."

"அழுதே, சரி. எனக்கு ஃபோன் பண்ணினியா? யாரு என்ன சொன்னாலும் ஒரு ஃபோன் போட்டு விசாரிக்காம நம்பாதேன்னு உனக்கு எத்தனை தடவை தலையில அடிச்சுச் சொல்லியிருக்கேன்! ஒரே ஒரு ஃபோன், ரொலாண்டா!"

ரொலாண்டா ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.

"கூப்பிட்டா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்" என்றாள்.

ப்ரெட் சொன்னதெல்லாம் சேர்ந்தும் லொரேனை இப்படிச் சுடவில்லை. அறைய வேண்டும் போல இருந்தது. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. அந்த ஆலைக்கு ஆள் அனுப்புவியா?"

"முதல்ல போய்ப் பார்த்துட்டு, அப்புறம்..."

"எப்படிப் பார்ப்ப? விரலை விட்டா?"

ரொலாண்டாவின் ஃபோன் அடித்தது. ப்ரெட்டின் பெயர் லொரேனுக்கும் தெரிந்தது.

"எடு" என்றாள் லொரேன். "இப்பவாவது அவன்கிட்ட உண்மையைக் கேளு."

ரொலாண்டா எடுத்தாள். "சொல்லுங்க ப்ரெட்" என்றாள். சொல்லிக்கொண்டே மறு கையால் கண்ணாடியை ஏற்றினாள்.

லொரேன் தன் காருக்கு நடந்தாள். உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள். அன்றைக்கே செய்திருக்க வேண்டியதை, ஒரு பயலின் பேச்சைக் கேட்டு இத்தனை நாள் தள்ளிப்போட்டோமே என்று தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. போர்டு கூடத் திங்கட்கிழமை ஆகும். அதுவரைக்கும் அவளை யாரும் எதுவும் செய்ய முடியாது. தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தின் எண்ணைத் தேடி எடுத்து அழுத்தினாள்.

ஆலையின் பெயர், இயந்திரம், கழற்றிய மூடி, எலேனாவின் விரல்கள், இன்றைக்கும் மூடி போடவில்லை என்று சேர்மன் தன் வாயாலேயே சொன்னது. ஒன்று விடாமல் சொன்னாள். எதிர்முனையில் இருந்த பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

"புகார் கொடுக்கிறது யாருன்னு போட்டுக்கட்டும்? பேர் வேண்டாம்னா விட்டுடலாம்."

"நல்லாப் போட்டுக்கோங்க. லொரேன் ஷிமான்ஸ்கி. அங்க ஆள் அனுப்பின கெல்னர் கம்பெனியோட தலைமை நிர்வாகி."

"இப்பவும் அந்தப் பதவியிலதான் இருக்கீங்களா மேடம்?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்றாள் லொரேன். "இருக்கேன்."