வடக்கே தலை வைத்த கட்டில்

கட்டிலின் தலைமாடு வடக்கே வர வேண்டும் என்று ஃபெங் சுயி பார்க்கும் சென்னை மேடம் போனில் சொன்னபோது நௌஷின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வழக்கத்தில் வடக்கே தலை வைத்துக் கிடத்துவது மய்யித்தை, இறந்த உடலை. கபன் துணி சுற்றிக் குழியில் இறக்கும்போதும் தலை வடக்கேதான்.

"வேற திசை இல்லையா மேடம்?"

"உங்க ஹஸ்பண்ட் தொண்ணூத்தொண்ணுல பிறந்தவர்னு சொன்னீங்க. ஃபெங் சுயில அவருக்கு உறவு பலப்படுற திசை வடக்கு. கிழக்கே வச்சா உத்தியோகம் வரும். எது வேணும்?"

கிழக்கே தலை வைத்தால் கால் மேற்கே, தொழுகிற கிப்லா பக்கம் நீளும். அது இதைவிட மோசம். தவிர, நௌஷினுக்கு வேண்டியது உத்தியோகம் இல்லை. அஜ்மீர் இந்த வீட்டில் தங்க வேண்டும். அவளோடு தங்க வேண்டும். அவ்வளவுதான்.

"வடக்கே இருக்கட்டும் மேடம்" என்றாள்.

ஷார்ஜாவில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது, இந்த எட்டு மாதத்தையும் சேர்த்தால், ஒன்றேகால் வருஷம் தேறும். வந்த இரண்டாவது வாரமே அவன் ஹால் சோபாவுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். முதுகு வலி என்றான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி எடைமேடையில் இருபது நாள் ராத்திரி ஷிப்டுக்குப் போனான்; பிறகு அதற்கும் போகவில்லை. சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்றைச் செய்து பார்த்திருக்கலாம். சாப்பிட்டாயா என்றால் ம். வேண்டுமா என்றால் வேண்டாம். ஒரு நாளைக்கு அவன் பேசுகிற வார்த்தைகளை அவள் விரல்களுக்குள் அடக்கிவிடுவாள்.

சென்னை மேடத்தின் நம்பரைக் கொடுத்தது எதிர் ஃபிளாட் மெஹர் பானு லாத்தா. செருப்பு ஸ்டாண்டை வாசலிலிருந்து நகர்த்தியதும் மகனுக்கு விசா வந்துவிட்டதாக மாடிக்கு மாடி சொல்லிக்கொண்டிருப்பவள். வீடியோ காலில் மேடம் முக்கால் மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வாசற்கதவும் பால்கனிக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன; உள்ளே வருவது எதுவும் நிற்காது என்றாள். கட்டிலைப் பார்த்தபடி கண்ணாடி இருக்கக் கூடாது என்றாள். ஒரு கட்டிலில் இரண்டு மெத்தையைச் சேர்த்துப் போட்டிருப்பதைக் கண்டதும் உச்சுக் கொட்டினாள். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"இந்த வீட்டுல அவரோட பொருள் எதும்மா? அதைக் காட்டுங்க."

நௌஷின் போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். கட்டில், பீரோ, சோபா, ஃபிரிட்ஜ், சாப்பாட்டு மேசை எல்லாம் அவள் வாப்பா கொடுத்த சீர். வீடே வாப்பா கொடுத்ததுதான். அவர்கள் ஜனத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை வந்து இருப்பார். கடைசியில் சுவரில் செருகியிருந்த சார்ஜரைக் காட்டினாள்.

"இதுதான் பிரச்சனை" என்றாள் மேடம். "பெட்ரூம்ல பாதியை அவருக்குன்னு பிரிச்சுக் குடுங்க."

வடக்கு என்று கேட்டதும் மெஹர் பானு கதவைப் பிடித்துக்கொண்டாள். "அடி பாவி, நான் செருப்பு ஸ்டாண்டை நவுத்தத்தான் சொன்னேன். கட்டுன புருசனை மய்யித்தாப் படுக்கவைக்கச் சொல்லலடி. உங்க உம்மாவுக்குத் தெரிஞ்சா என் வாசலுக்கு வந்து கத்துவாங்க."

"அவங்க சோபாவுலயே மய்யித்தாத்தான் லாத்தா கிடக்கிறாங்க."



வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து அஜ்மீர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நௌஷின் விஷயத்தைச் சொன்னாள். மறுப்பான், அல்லது ம் என்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கை கழுவிவிட்டு வந்து படுக்கையறை வாசலில் நின்று பார்த்தான்.

"கட்டிலைக் கழட்டணும். ஸ்குரூ டிரைவர் இருக்கா?"

இருந்தது. அளக்க டேப் இல்லை. கீழே போய் வாட்ச்மேனிடம் வாங்கிவந்தான். சுவரை அளந்து, கட்டிலையும் பீரோவையும் அளந்து, இரண்டுக்கும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். எட்டு மாதமாக டீ தம்ளரைக்கூட இடம் மாற்றி வைக்காத மனிதன், திருகாணிகளை ஒரு சோப்பு டப்பாவில் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தான். நௌஷின் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன பாக்குறே? மெத்தையப் பிடி."

மெத்தைகளை ஹால் வழியாகப் பால்கனிக்கு இழுத்துப் போனார்கள், படுக்கையறை ஜன்னலில் சாய்த்து வைக்க. வாசலில் ஒன்று மடங்கி அவள் மேல் சாய, அவள் அடியில் மாட்டிக்கொண்டு கத்தினாள். அவன் சிரித்தான். சத்தம் போட்டே சிரித்தான்.

"இது உங்க வாப்பா வாங்குன மெத்தையில்ல, அவங்க மாதிரியே கனம்."

"வாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க மச்சான்" என்றாள், மெத்தைக்கு அடியிலிருந்து. சொல்லட்டும், இன்னும் சொல்லட்டும் என்று இருந்தது.

கண்ணாடியை இருவரும் கழற்றிச் சுவரோரம் திருப்பி வைத்தார்கள். கட்டிலை மாட்ட இடம் வேண்டும் என்று பீரோவைத் தள்ளிக் கதவை அடைத்தாற்போல் நிறுத்தினார்கள். தேக்குப் பீரோ. அதைத் தூக்க ஆள் ஒருவர் போதாது.

"வடக்கால தலையா?" திருகாணியை முடுக்கிக்கொண்டே கேட்டான். "என்னைய அடக்கம் பண்ணப் போறியா?"

"உறவு பலப்படுமாம்."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

அவன் தலை நிமிரவில்லை. ஆனால் வேலையை நிறுத்தவும் இல்லை. பால்கனி ஜன்னல் வழியாக மெத்தை இரண்டையும் உள்ளே இழுத்தது ஒரு கூத்து. தற்போதைக்கு இது போதும் என்று ஒரு விரிப்பை இரண்டுக்கும் சேர்த்துப் போட்டாள். ஒரே மெத்தையாக அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் முடிவு செய்தாள். ஜன்னலோரத்தில் அவனுக்கு ஒரு மேசை. அவன் சட்டைகளுக்கு பீரோவில் மேல்தட்டு முழுவதும். மேடத்துக்கு இன்றைக்கே போட்டோ அனுப்ப வேண்டும்.

வேர்வை வழிய இருவரும் கட்டிலில் விழுந்தார்கள். வடக்கே தலை. மின்விசிறி புதிய இடத்திலிருந்து சுற்றுவது போல் இருந்தது. அவன் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது, அவன் எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு. நௌஷின் மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"நல்லாருக்கா மச்சான்?"

"ம். இந்தப் பீரோ, கட்டிலெல்லாம் நீ ஒத்தையா நவுத்த முடியாது. அதான் இன்னைக்கே எல்லாத்தையும் முடிச்சுரலாம்னு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"ஏன் ஒத்தையா?"

அவன் விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினான். பிரிந்துவிட வேண்டும் என்று நேற்று ஜமாஅத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். அடுத்த வாரம் இரு வீட்டாரையும் கூப்பிடுவார்கள். இன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுத் திருமலைராயன்பட்டினத்தில் அவன் உம்மா வீட்டுக்குப் போகிறான்.

"நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல."

"பின்ன?"

"ஷார்ஜால ஒரே ரூம்ல ஒம்பது பேரு. மூட்டைப்பூச்சி. அங்க படுத்தா தூங்கிருவேன். இங்க படி ஏறுறப்பவே மூச்சு அடைக்குது. எட்டு மாசமா சரியாயிரும் சரியாயிரும்னு பாத்தேன். ஆவல."

"அதான் இப்ப மாத்திட்டோம்ல. உங்களுக்குன்னு மேசை போடுறேன். பீரோல மேல்தட்டு முழுக்க உங்களுக்குத்தான். மேடம் சொல்றாங்க, நாப்பது நாள்ல..."

"நௌஷின்" என்றான். அவ்வளவுதான். அந்தப் பெயரை அவன் அப்படி மென்மையாகக் கூப்பிட்டதே கிடையாது. அதில்தான் அவளுக்கு முடிந்துபோனது தெரிந்தது. கோபமாக இருந்தால் தணியும். வேறொருத்தி இருந்தால் அவளை ஏசலாம். இவன் வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறவன். கணக்கை நேராக்கிக்கொண்டு போகிறவனிடம் அழுது என்ன ஆகும்?

பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். அவன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான். பீரோ கதவை அடைத்துக்கொண்டு நின்றது. அவன் ஒரு முனையைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். இம்மி அசையவில்லை.

"கொஞ்சம் பிடி."

அவள் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள். பிடிக்காவிட்டால் அவன் போக முடியாது. வேண்டுமானால் ஜன்னல் வழியாகப் பால்கனிக்கு ஏறிக் குதித்துப் போவானா? வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை ஜன்னலேறிப் போவதை எதிர் ஃபிளாட்காரி பார்க்க மாட்டாளா? போக மாட்டான். அவள் பிடிக்கும்வரை இங்கேதான் நிற்பான். பாங்கு முடிந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. பீரோவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். பேருந்துக்கு நிற்கிறவன் மாதிரி. எத்தனை நேரமானாலும் வரத்தானே போகிறது என்று நிற்கிறவன் மாதிரி. அந்தக் காத்திருப்பைத்தான் எட்டு மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறாள், பெயர் தெரியாமல்.

நௌஷின் எழுந்து வந்து தன் பக்கத்தைப் பிடித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு" என்றான்.

தூக்கினார்கள். சாக்பீஸ் கோட்டுக்குள் இம்மி பிசகாமல் பீரோ உட்கார்ந்தது. அவன் குனிந்து அதன் அடியில் அட்டை ஒன்றை மடித்துச் செருகினான், ஆடாமல் இருக்க. பிறகு கதவைத் திறந்துகொண்டு போனான்.