நாகேஷ் சாரின் கட்டைவிரல்

எனக்கு வந்த நோட்டீஸில் ஒரே ஒரு குற்றம்தான்: முன் அனுமதி இல்லாமல் இரண்டு நாள் பணிக்கு வரவில்லை. அரசு வேலையில் ஊறியவர்களுக்கு இது கொசுக்கடி. நான் இன்னும் புரொபேஷனில் இருப்பவள். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு வர வேண்டும். இந்தக் காகிதம் என் ஃபைலில் ஏறிவிட்டால் அது வராது.

அனுமதி வாங்கவில்லையா? வாங்கினேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

எங்களுடையது தெருவிளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம். நான் வேதநாயகி, அங்கே கிளார்க். பொறுப்பில் இருப்பவர் நாகேஷ் சார், இன்ஜினியர். அவர் வந்த நாளிலிருந்து எல்லாமே வாட்ஸ்அப் குரூப்தான். லைன்மேன் விளக்கு மாட்டினால் போட்டோ, எரிந்தால் போட்டோ, எரியாவிட்டாலும் போட்டோ. லீவும் அதிலேயேதான் கேட்க வேண்டும். "லெட்டர் கிட்டர் எல்லாம் பேடா, குரூப்ல ஹாக்கு" என்பார் பாதிக் கன்னடத்தில், கடிதமெல்லாம் வேண்டாம், குரூப்பில் போடு என்று. நாங்கள் போட்டதன் கீழே அவருடைய கட்டைவிரல் விழுந்தால் சரி என்று அர்த்தம். எந்த விதியிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அந்த மஞ்சள் விரலை நம்பித்தான் கம்பம் நட்டோம், பல்பு வாங்கினோம், சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போய்வந்தோம்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பிரேசர் டவுன் வீட்டில் அவரும் நானும் மட்டும்தான். குரூப்பில் போட்டேன், டீ ஆறுவதற்குள் விரல் விழுந்தது. நிம்மதியாகப் போனேன். இரண்டாம் நாள் மேலதிகாரி நிருபமா மேடம் சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்துக்கு வந்து, என் காலி நாற்காலியைக் காட்டி யார், எங்கே என்று கேட்டிருக்கிறார். எந்தத் தகவலும் இல்லை என்றாராம் நாகேஷ் சார். என் செய்தியைப் படித்த அத்தனை பேரும் சுற்றி நின்றிருக்கிறார்கள். ஒருவருக்கும் வாய் இல்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை. அதுவரை எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. அந்த விரல் அங்கேயே இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தேன். சார் நினைத்தால் ஒரு தட்டில் எடுத்துவிடலாமே! ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். எடுத்தது சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பா கட்டிலில் இருந்தார்.

"என்னம்மா எப்பப் பாத்தாலும் போன்? யாராவது பையனா?" என்றார்.

"ஆமா, கவர்ன்மென்ட் பையன்" என்றேன். சிரித்தார். நோட்டீஸ் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தன் கண்ணால் வந்த வினை என்று மருகுவார்.

வியாழக்கிழமை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. நான் லீவு கேட்ட அன்று காலை முழுவதும் சார் தலைமை அலுவலகத்தில், ரிவ்யூ மீட்டிங்கில். அந்த மீட்டிங்கிற்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அப்படியென்றால் அந்த விரல் யாருடையது?

அலுவலகம் போனதும் மாடி ஏறவில்லை, நேராக ஜீப்புக்குப் போனேன். சாரின் டிரைவர் கோவிந்தன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். பொம்மனஹள்ளியிலிருந்து வருகிறவர், கான்ட்ராக்ட் ஆள்.

"கோவிந்தண்ணா, மீட்டிங் அன்னிக்கு சார் போன் யார்கிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டதான். எப்பவும் எங்கிட்டதான்மா. வண்டில ஏறினதும் குடுத்துடுவாரு. தம்ப் போடலன்னா லைன்மேனுங்க கூப்ட்டு கூப்ட்டு உயிர எடுப்பானுங்க. எல்லாத்துக்கும் போட்டுட்டே இரு கோவிந்தான்னாரு."

"அப்போ என் லீவையும் படிக்காம அமுக்கிட்டீங்களா?"

அவர் துணியை மடித்தார்.

"படிச்சேன்மா. அப்பாவுக்குக் கண்ணுன்னு போட்டிருந்தே. சார்கிட்ட காட்டினா ஆடிட் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லுவாரு. யார் கேட்டாலும் அதான் சொல்லுவாரு. கண்ணு அப்புறம் பாக்குற விஷயமா? அதான் போட்டேன்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "உங்கள யாருண்ணா கேட்டா? என் வேலையே போவப்போவுது!" என்று கத்தினேன். காவலாளி திரும்பிப் பார்த்தார். கத்தி முடித்த பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது. லைன்மேன் அர்ஜுனன் தங்கை நிச்சயத்துக்குப் போனது, டைபாய்டு வந்தபோது இன்னொரு லைன்மேன் டென்சில் வாரம் முழுக்கப் படுத்திருந்தது எல்லாம் இந்த ஆளின் விரல்தான். நாங்களோ நாகேஷ் சார் தங்கமான மனுஷன் என்று பேசிக்கொண்டு திரிந்தோம்.

"மேடம்கிட்ட எம் பேரச் சொல்லிடு. நீ பெர்மனென்ட் ஆவணும். எனக்கு வேற வண்டி கெடைக்கும்" என்றார். சொன்னாரே தவிர, முகம் வெளுத்திருந்தது. இந்த வயதில் அவருக்கு யார் வேறு வண்டி கொடுப்பார்கள்? ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் நான் முடிவு செய்தேன். அவர் செய்ததற்கு என் வேலையை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை நிருபமா மேடம் நடுவில் உட்கார்ந்தார். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்கள் தம்ப் தானே?" என்று சாரிடம் கன்னடத்தில் கேட்டார்.

தம்ப் போட்டால் பார்த்தேன் என்றுதான் அர்த்தம், சரி என்று அர்த்தம் இல்லை என்றார் சார்.

"பார்த்திருக்கிறீர்கள். பிறகு ஏன் என்னிடம் தகவலே இல்லை என்றீர்கள்?"

சாருக்கு முன்னால் இப்போது இரண்டே வழி. பார்த்துவிட்டுப் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், போன் தன் கையிலேயே இருப்பதில்லை என்று சொல்ல வேண்டும். மேடம் என் பக்கம் திரும்பி, நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். அன்றைக்குப் போன் யாரிடம் இருந்தது என்று அவரையே கேளுங்கள் மேடம். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது, நுனி நாக்கில் இருந்தது. பாதி திறந்திருந்த கதவு வழியாக வராந்தா தெரிந்தது. கோவிந்தன் சாரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாரின் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு விரலால் தட்டினார்.

"ஒன்றுமில்லை மேடம்" என்றேன். சொன்ன மறுகணமே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. என் வேலை அந்த மேஜைமேல் கிடந்தது, நான் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். சார் கூரையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார்.

"மர்த்தே மேடம்" என்றார் கடைசியில். மறந்துவிட்டாராம்.

நோட்டீஸை மேடம் அங்கேயே ரத்து செய்தார். எழுந்து போகும்போது, இனி எந்தச் செய்தியாக இருந்தாலும் நீங்களே படித்து வார்த்தையில் பதில் போடுங்கள், இந்த விரல் விளையாட்டு வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சார் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார். போன் இப்போது அவர் கையை விட்டு இறங்குவதில்லை. குரூப்பில் யார் லீவு கேட்டாலும் ஒரே பதில்: ஆடிட் முடியட்டும். அதுவும் அவருக்கு மனம் இருந்தால். டென்சில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாருடைய சோற்றிலும் நான் மண்ணைப் போட்டுவிட்டதாக நினைக்கிறார். எனக்கும் சில சமயம் அப்படித்தான் தோன்றுகிறது. கோவிந்தன் நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று மத்தியானம், அலுவலகம் பெருக்கும் எல்லம்மா குரூப்பில் குரல் செய்தி போட்டாள். ஒக்கலிபுரத்தில் இருக்கும் மகளுக்கு வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நாளைக்கு வர முடியாது. சாயங்காலம் கூடையோடு என் மேஜைக்கு வந்து போனை நீட்டினாள்.

"சார் ஏதாச்சும் போட்டாரா பாரும்மா. எனக்கு இதுல ஒண்ணும் புரியல. சொல்லாமப் போனா கான்ட்ராக்டரு நிறுத்திடுவான்."

பார்த்தேன். சார் கேட்டுவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் போனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்க் கேட்கலாம். கேட்டால் முடியாது என்பார், முடியாது என்ற பிறகு அவள் போகவே முடியாது. என் உத்தரவில் இன்னும் கையெழுத்து விழவில்லை. போட வேண்டியது அவர்தான்.

"என்னம்மா, போட்டாரா?"

"போட்டுட்டாரு. நீ கெளம்பு."

"சரின்னா?"

"சரின்னுதான். போ, லேட் பண்ணாத."

எல்லம்மா கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மகராசன், நல்லா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கி ஓடினாள்.