அக்காவுக்குக் கால் மாத்திரை

எண்ணூர்க் குப்பத்தில் மீன் விற்கும் பவுனம்மாளுக்கு 2006-இல் இதய வால்வை மாற்றினார்கள். புது வால்வில் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. இரண்டாவது வாரமே பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. கை முழுக்க நீலத் திட்டுகள்.

"ரெண்டு ரெண்டா முழுங்குறியா?" என்று வார்டு நர்ஸ் அதட்டினாள்.

"சத்தியமா ஒண்ணுதாம்மா துன்றேன்."

யாரும் நம்பவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டர் சங்கமித்ரா மட்டும் அவள் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர மூன்று வாரம் ஆனது.

"உங்க மேல தப்பில்ல. இந்த மருந்து உங்க உடம்புல கரைஞ்சு வெளியேற ரொம்ப நாளாகுது. பிறவியிலயே அப்படி. மத்தவங்களுக்கு ஒண்ணுன்னா உங்களுக்குக் கால் போதும்."

பவுனம்மாள் அழுதாள். ஆபரேஷன் என்றபோதுகூட அவள் அழவில்லை.

அடுத்த வருஷம், கடலுக்கு மீன் பிடிக்கப் போகும் தம்பி திருமுருகனுக்கும் அதே ஆபரேஷன், அதே மாத்திரை. அவன் வீடு திரும்பிய அன்றே பவுனம்மாள் மாத்திரை அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரே வயித்துல பொறந்தோம்டா. எனுக்கு ஆவாதது உனுக்கு மட்டும் ஆவுமா?"

பிளேடால் நான்காக வெட்டி, தினமும் ஒரு துண்டுதான் கொடுத்தாள். அக்கா பட்ட பாட்டைப் பார்த்தவன், மறுக்கவில்லை.

பத்தாம் நாள் சாப்பிடும்போது சோறு அவன் விரல்களிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு நின்றது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வால்வில் உறைந்த ரத்தத் துணுக்கொன்று மூளைக்குப் போயிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?" என்று சங்கமித்ரா கேட்டார்.

பவுனம்மாள் மறைக்கவில்லை. டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் மேலயும் தப்பு இருக்கு. கூடப் பிறந்தவங்களுக்கும் அது ஒரே மாதிரி இருக்கும்னு இல்ல. அதை அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

சோதித்தார்கள். திருமுருகனுக்கு அந்தக் குறை இல்லை. அவனுக்கு முழு மாத்திரைதான் வேண்டும்.

ஒரு மாதத்தில் பேச்சு திரும்பியது. வலது கை மட்டும் முழுதாக மடங்கவில்லை. வலை இழுக்க முடியாது.

"என்னாலதான்டா," என்றாள் பவுனம்மாள்.

"வுடுக்கா. நீ இன்னா, வேணும்னா பண்ண?"

அதன்பிறகு அவள் அவனுடைய அட்டையைத் தொடவில்லை. அவனே இடது கையால் மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டான். அவன் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.